பதினோரு படிகளில் ஒரு வெட்டுப்புள்ளி

முதலாமாண்டு சி லேபில் ஒரு புரோகிராம் வரும். இரண்டு நேர்கோடுகளின் சமன்பாட்டைக் கொடுத்து, அவை எந்தப் புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்வாங்க. ஆறு எண்களை வாங்கணும், குறுக்கே பெருக்கணும், கழிக்கணும், வகுக்கணும், கடைசியில் ரெண்டு எண்ணை அச்சடிக்கணும். ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம்கூட வராது. கிளாஸில் பாதிப் பேர் இதை சீனியர் நோட்டைப் பார்த்தே எழுதி முடிச்சிருப்பாங்க.

இதே கணக்கை 1843-இல் ஒரு பெண் படிப்படியாக அட்டவணை போட்டு அச்சில் கொண்டுவந்தார். அதை ஓட்ட வேண்டிய இயந்திரம் அப்போது இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை வரவும் இல்லை. இன்றுவரை அது முழுசாகக் கட்டப்படவில்லை.

பெயர் உங்களுக்குத் தெரியும். அடா லவ்லேஸ். (ஆங்கிலேயர் வாயில் இது ஏய்டா. நாம் அடா என்று எழுதினால் யாரையோ அதட்டுற மாதிரி இருக்கு, என்ன செய்ய, தமிழில் அப்படியே நிலைத்துவிட்டது.) குவிஸ் போட்டிக்குப் போனவங்க எல்லாருக்கும் உலகின் முதல் புரோகிராமர் யார் என்றால் இந்தப் பெயர் மனப்பாடம். கொஞ்சம் கூடுதலாகப் படிச்சவங்க பெர்னூலி எண்களைக் கணக்கிட அவர் போட்ட பெரிய அட்டவணையைச் சொல்வாங்க. நான் சொல்ல வந்தது அதற்கு மூன்று குறிப்புகள் முன்னால் வரும் சின்ன அட்டவணையைப் பற்றி. பெரியதைப் புரிஞ்சுக்கணும்னா முதலில் இந்தச் சின்னதைக் கவனமாகப் படியுங்கள் என்று வாசகர்களிடம் அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படியும் பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

முதலில் ஆளைப் பார்ப்போம்.

1815 டிசம்பர் 10, லண்டன். அப்பா லார்டு பைரன். அந்தக் காலத்தில் கவிஞர் என்றால் இன்றைய சினிமா நட்சத்திரம் மாதிரி, பைரன் அதிலும் உச்சம். அம்மா அன்னபெல்லா மில்பேங்க், கணக்கில் கெட்டி. மனைவியின் கணித ஆர்வத்தைப் பார்த்து இணைகரங்களின் இளவரசி என்று பைரன் கேலி செய்வார். கல்யாணம் ஒரு வருஷம்தான் தாங்கியது. குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது அம்மா அதைத் தூக்கிக்கொண்டு தன் பெற்றோர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஏப்ரல் 1816-இல் பைரன் இங்கிலாந்தை விட்டே போனார். திரும்பி வரவேயில்லை. 1824-இல் கிரீஸில் காய்ச்சலில் இறந்தார். அப்போது அடாவுக்கு எட்டு வயசு. அப்பா முகம் பார்த்த நினைவே கிடையாது.

அம்மாவுக்கு ஒரே பயம், அப்பாவின் புத்தி பொண்ணுக்கு வந்துவிடக்கூடாது. கற்பனை தலைதூக்காம இருக்க அவர் கண்டுபிடித்த மருந்து கணக்கு. சின்ன வயசிலிருந்தே ஆசிரியர்கள், கால அட்டவணை, கண்டிப்பு. மருந்து வேலை செய்யலை என்றுதான் சொல்லணும். பன்னிரண்டு வயசில் பறவைகளின் இறக்கைகளை ஆராய்ந்து, நீராவியில் பறக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்ய அடா திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கற்பனையும் கணக்கும் ரெண்டும் சேர்ந்தே வந்துவிட்டன. 1829-இல் அம்மை கண்டு, கால்கள் செயலிழந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அப்புறம் ஊன்றுகோலோடுதான் எழுந்தார். உடம்பு அவரைக் கடைசிவரை நிம்மதியாக விடவில்லை.

17 வயசில், 1833 ஜூன் மாதம், ஒரு விருந்தில் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். சில நாள் கழித்து அம்மாவும் மகளும் பாபேஜ் வீட்டுக்கே போய், அங்கே வைத்திருந்த வித்தியாச இயந்திரத்தின் ஒரு பகுதியைப் பார்த்தார்கள். பித்தளைச் சக்கரங்கள். கைப்பிடியைச் சுற்றினால் பலபடிக் கோவைகளின் மதிப்பு வரிசையாக வந்து நிற்கும். பார்க்க வந்த மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கைப் பொருள். அந்தப் பெண்ணுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தது. பாபேஜுக்கு அப்போது 41 வயசு. அன்று தொடங்கிய நட்பு அடா சாகும்வரை நீடித்தது.

வித்தியாச இயந்திரத்தால் கூட்டத்தான் முடியும். அடுத்த வருஷமே பாபேஜுக்கு வேறொரு யோசனை வந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலையும் செய்யும், எதை எப்போது செய்யணும் என்று துளையிட்ட அட்டைகள் மூலம் சொல்லிவிடலாம். அதுதான் பகுப்பாய்வு இயந்திரம். எண்களை வைக்கும் இடத்துக்கு ஸ்டோர், கணக்குப் போடும் இடத்துக்கு மில் என்று பஞ்சாலை பாணியில் பெயர் வைத்தார். அட்டை யோசனை பிரான்ஸின் ஜக்கார்டு தறியிலிருந்து எடுத்தது. அந்தத் தறியில் எந்த இழை மேலே எழும்பணும் என்பதை அட்டையிலுள்ள துளைகள் முடிவு செய்யும். 1834-இல் அடாவும் அம்மாவும் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்க்கப் போனபோது இந்தத் தறிகளை நேரில் பார்த்திருந்தார்கள்.

1835-இல் கல்யாணம். கணவர் வில்லியம் கிங், மூன்று வருஷம் கழித்து லவ்லேஸ் பிரபு ஆனார், இவர் லவ்லேஸ் சீமாட்டி ஆனார். 1836, 1837, 1839 என்று மூன்று குழந்தைகள். கணக்கு நின்று போச்சு.

இங்கேதான் நம்ம ஊர் ஒன்று கதைக்குள் வருது. 1840-இல் மறுபடி படிக்கணும் என்று முடிவு செய்த அடாவுக்கு, தபால் வழியே பாடம் எடுக்க ஒப்புக்கொண்டவர் அகஸ்டஸ் டி மார்கன். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் டி மார்கன் தேற்றம் என்று ஒன்றை நிரூபிச்சிருப்பீங்களே, அவரேதான். பிறந்தது மதுரையில், 1806-இல். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி. ஏழு மாசக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது, அதனால் நாம ரொம்ப உரிமை கொண்டாட முடியாது. லண்டனில் இன்று யுனிவர்சிட்டி காலேஜ் என்று வழங்கும் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர் அவர்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்களைச் சேர்க்காது. சீமாட்டியாக இருந்தாலும் சரி, கவிஞரின் மகளாக இருந்தாலும் சரி. தபால்தான் வகுப்பறை. அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் படித்தால் பிறவி மேதை யாரும் தென்பட மாட்டாங்க. நுண்கணிதத்தில் தட்டுத்தடுமாறி, ஒரு பிரதியிடலைச் செய்யத் தெரியாமல் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு, அதைக் கூச்சமில்லாமல் எழுதிக் கேட்கும் ஒரு மாணவி தெரிகிறார். கூடவே ஒரு குணமும் தெரிகிறது: ஒரு படி விளங்காமல் அடுத்ததற்குப் போக மாட்டார். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது, இந்தக் குறிக்கு இங்கே என்ன அர்த்தம், இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப. டி மார்கன் பின்னாளில் அடாவின் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சிந்தனைத் திறன் அசாதாரணமானது என்று ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில், இவ்வளவு கடுமையான சிந்தனையைப் பெண்ணின் உடம்பு தாங்குமா என்று கவலையும் படுகிறார். தர்க்கத்துக்கு விதி எழுதியவரிடமும் அவர் காலத்தின் இந்த எண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதே 1840-இல் பாபேஜ் இத்தாலியின் டூரின் நகருக்குப் போய்த் தன் இயந்திரத்தை விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் லூயிஜி மெனாப்ரியா என்ற இளம் ராணுவப் பொறியாளர் ஒருவர், பின்னாளில் இத்தாலியின் பிரதமரே ஆனவர். அவர் 1842 அக்டோபரில் ஜெனீவா இதழ் ஒன்றில் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அதை ஆங்கிலத்தில் கொண்டுவரலாம் என்று அடாவுக்கு யோசனை சொன்னது சார்லஸ் வீட்ஸ்டன் (ஆமாம், உங்க ஃபிசிக்ஸ் லேபில் நிற்கும் வீட்ஸ்டன் பிரிட்ஜ்தான்). மொழிபெயர்ப்பு முடிந்ததும் பாபேஜ் கேட்டார், இவ்வளவு தெரிந்த நீங்களே சொந்தமாக எழுதியிருக்கலாமே, குறைந்தபட்சம் குறிப்புகளாவது சேருங்களேன் என்று. சேர்த்தார். ஏ முதல் ஜி வரை ஏழு குறிப்புகள். மூலக் கட்டுரையைப் போல மூன்று மடங்கு வளர்ந்துவிட்டது.

இப்போ நோட் டி-க்கு வரலாம்.

அதில் எடுத்துக்கொண்ட கணக்கு இதுதான். எழுத்துகளை மட்டும் நம்ம வசதிக்கு மாற்றியிருக்கிறேன்.

அ1 எக்ஸ் + ஆ1 ஒய் = இ1
அ2 எக்ஸ் + ஆ2 ஒய் = இ2

இரண்டு அறியாத எண்கள், இரண்டு முதல்படிச் சமன்பாடுகள். கட்டுரையில் இவை சமன்பாடுகளாகத்தான் வருகின்றன, கோடுகளாக இல்லை. ஆனால் 1637-இல் டேகார்ட் வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட பிறகு இப்படி ஒவ்வொரு சமன்பாடும் வரைபடத்தில் ஒரு நேர்கோடுதான். ரெண்டையும் ஒரே நேரத்தில் நிறைவு செய்யும் எக்ஸ், ஒய் என்றால் ரெண்டு கோடும் வெட்டும் புள்ளி. பத்தாம் வகுப்பில் குறுக்குப் பெருக்கல் முறை என்றும், பன்னிரண்டாம் வகுப்பில் கிராமரின் விதி என்றும் இதையே படிச்சோம். விடை:

எக்ஸ் = (இ1 ஆ2 − இ2 ஆ1) ÷ (அ1 ஆ2 − அ2 ஆ1)
ஒய் = (அ1 இ2 − அ2 இ1) ÷ (அ1 ஆ2 − அ2 ஆ1)

சூத்திரம் பழசு. 1843-இல் எந்தக் கணித ஆசிரியருக்கும் தெரியும். அப்ப இதில் என்ன புதுசு? சூத்திரத்தை வாசிக்கும் மனுஷனுக்குக் கண் இருக்கு. ரெண்டு விடைக்கும் கீழே ஒரே பகுதிதான் இருக்கு, ஒருமுறை கணக்கிட்டால் போதும் என்று பார்த்தவுடனே தெரியும். இயந்திரத்துக்கு அது தெரியாது. எந்த எண்ணை எந்த இடத்திலிருந்து எடுக்கணும், விடையை எங்கே வைக்கணும், எடுத்த இடத்தில் பழைய எண் இருக்கணுமா அழிஞ்சு பூஜ்யம் ஆகணுமா, எல்லாத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லணும்.

அந்த அட்டவணையின் வரிகளை நாமே எண்ணிப் பார்க்கலாம். ஆறு பெருக்கல், மூன்று கழித்தல், இரண்டு வகுத்தல். மொத்தம் 11. ஒரு உதாரணத்தை ஓட்டிப் பாருங்க: 2 எக்ஸ் + ஒய் = 7, எக்ஸ் + 3 ஒய் = 11. பெருக்கல்கள் வரிசையாக 6, 1, 21, 11, 22, 7. கழித்தல்கள் 6 − 1 = 5, 21 − 11 = 10, 22 − 7 = 15. வகுத்தல்கள் 10 ÷ 5 = 2, 15 ÷ 5 = 3. கோடுகள் (2, 3) என்ற புள்ளியில் வெட்டுது. உள்ளே போட்ட ஆறு எண், நடுவில் வந்த ஒன்பது, விடை ரெண்டு, ஆக 17 எண்களுக்கு 17 இடம். இடம் என்றால் அந்த இயந்திரத்தில் மேலே மேலே அடுக்கிய பல்சக்கரங்களாலான ஒரு தூண். அதை அடா மாறி என்றே அழைத்தார். நீங்க எழுதும் வேரியபிளுக்கும் அதே பெயர்தான்.

இந்தப் பதினோரு செயல்கள் மெனாப்ரியாவின் கட்டுரையிலேயே இருந்தன என்பதையும் சொல்லணும். அடா அதோடு சேர்த்தது வேறு. ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில், அந்தச் செயலால் எந்த மாறியின் மதிப்பு எப்படி மாறியது என்று ஒரு பத்தி. அதற்கு அப்பால், ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனியாக ஒரு பத்தி, அதில் அந்தந்த நேரத்தில் என்ன இருக்கு என்று. வைவாவில் டிரை ரன் பண்ணச் சொன்னால் பேப்பரில் கோடு கிழித்து ஒரு கட்டம் போடுவீங்களே, அதுதான். அ1 இரண்டு இடத்தில் தேவைப்பட்டால் கடைசியாகப் பயன்படும் வரை அதன் எண் அப்படியே இருக்கும், கடைசிப் பயன்பாட்டோடு பூஜ்யமாகும். மெமரியை எப்போ விடுவிக்கணும் என்ற கவலை அங்கேயே ஆரம்பிச்சாச்சு.

இன்னொரு சிக்கலையும் அவர் கவனித்தார். ஒரு மாறியில் இருப்பதோடு வேறொன்றைக் கூட்டி, விடையை அதே மாறியில் வைத்தால்? சமன்பாடாக எழுதினால் அபத்தம். ஒரு எண் தன்னைவிடப் பெரிய எண்ணுக்குச் சமம் என்று வரும். முதல் நாள் கிளாஸில் ஐ = ஐ + 1 பார்த்து முழிக்காதவங்க யார்? அடா அதற்கு ஒரு வழி செய்தார். மாறியின் பெயருக்கு இடப்பக்க மேல்மூலையில் ஒரு சின்ன எண். மதிப்பு மாற மாற அந்த எண்ணும் ஏறும். அப்ப இடப்பக்கம் இருக்கும் மாறியும் வலப்பக்கம் இருக்கும் மாறியும் இடத்தால் ஒன்று, நேரத்தால் வேறு என்று கண்ணுக்குத் தெரியும். கணிதத்தில் எழுத்து என்றால் அதன் மதிப்பு மாறாது. இயந்திரத்தில் மாறும். அந்த வித்தியாசத்தை உணர்ந்து அதற்கென்று ஒரு குறியீட்டைப் பயன்படுத்தி விளக்கியிருக்கிறார். டி மார்கனுக்கு எழுதிய கடிதங்களில் இந்தக் குறிக்கு இங்கே என்ன அர்த்தம் என்று துளைத்தெடுத்த மாணவியை இங்கே அடையாளம் தெரியுது. என் கணக்கில் பெர்னூலி அட்டவணையைவிட இதுதான் பெரிய விஷயம்.

அதே குறிப்பில் இன்னொன்றும் வருது. ஒரே கணக்கைப் பல வரிசைகளில் செய்யலாம், அவற்றில் நேரம் மிகக் குறைவாக எடுக்கும் வரிசையைத் தேர்ந்தெடுப்பது முக்கியம் என்கிறார். அல்காரிதம் பேப்பரின் முதல் யூனிட் அங்கே இருக்கு.

ஒன்று மட்டும் அந்த 11 வரிகளில் இல்லை. பகுதியான அ1 ஆ2 − அ2 ஆ1 பூஜ்யமாக வந்தால் கோடுகள் இணைகோடுகள், அல்லது ஒன்றின்மேல் ஒன்று. வெட்டுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. உங்க லேபில் இதற்கு ஒரு இஃப் போடலைன்னா மார்க் போகும். பல்சக்கரக் கால்குலேட்டரில் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் சக்கரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் வரும் எண்ணைப் பொறுத்து வேறு பாதையில் போகும் வசதியை பாபேஜ் யோசித்து வைத்திருந்தார். ஆனால் இந்த அட்டவணை அதைத் தொடவில்லை.

ரெண்டு சமன்பாட்டுக்கு இவ்வளவு என்றால் பத்து இருந்தால்? நோட் எஃப்-இல் அந்தக் கேள்வி வருது. பத்துச் சமன்பாடுகளிலிருந்து ஒவ்வொரு மாறியாக ஒன்பதை நீக்கணும். ஒவ்வொரு கெழுவுக்கும் பெருக்கு, பெருக்கு, கழி என்ற மூன்று செயல்தான் திரும்பத் திரும்ப. எத்தனை முறை என்று நாமே போட்டுப் பார்க்கலாம்: 9×10 + 8×9 + 7×8 என்று 1×2 வரை கூட்டினால் 330. அத்தனை முறைக்கும் தனித்தனி அட்டை குத்த வேண்டாம், மூன்று அட்டைகளையே பின்னால் சுற்றிவிட்டு மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். அதாவது லூப். ஜக்கார்டு தறியில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்ய 24,000 அட்டைகள் ஆனதாக அங்கேயே சொல்லிவிட்டு, இயந்திரத்தில் அட்டை எப்படிக் குறைகிறது என்று காட்டுகிறார்.

நோட் ஜி-தான் பெர்னூலி. உலகம் கொண்டாடுவது அதைத்தான், நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அச்சான அட்டவணையில் நாலாவது செயலில் வகுபடுவதும் வகுப்பதும் இடம் மாறி விழுந்திருக்கு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அச்சில் வந்த மிகப் பழைய பக் இதுவாக இருக்கலாம்.

1843 ஜூலை மாதத்தை நினைச்சுப் பாருங்க. அச்சகம் காத்திருக்கு. மூத்த பையனுக்கு ஏழு வயசு, பொண்ணுக்கு ஐந்து, கடைக்குட்டிக்கு நாலு. உடம்பு சரியில்லை, டாக்டர் கொடுத்த மருந்தில் அபினி. அடாவுக்கும் பாபேஜுக்கும் இடையே தினமும் கடிதங்கள் பறக்குது. பெர்னூலி அட்டவணையை அடா பென்சிலில் போட, பக்கத்தில் உட்கார்ந்து லவ்லேஸ் பிரபு அதன்மேல் மை ஊற்றி எழுதிக் கொடுத்தார். பாபேஜ் தன் வாக்கியங்களில் கை வைத்தால் அடாவுக்குக் கோபம் வரும், அதைப் பட்டென்று எழுதியும் விடுவார். பாபேஜ் அப்போது ஐரோப்பாவே அறிந்த விஞ்ஞானி, வயசு 51. எதிரே 27 வயசுப் பெண்.

கடைசி நேரத்தில் நிஜமான சண்டையும் வந்தது. வித்தியாச இயந்திரத்துக்கு அரசு 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்து, 1842-இல் இனி ஒரு காசு கிடையாது என்று கைவிட்டிருந்தது. அந்த ஆத்திரத்தில் பாபேஜ் அரசைத் தாக்கி ஒரு முன்னுரை எழுதி, பெயர் போடாமல் அதை இந்தக் கட்டுரையோடு சேர்க்கச் சொன்னார். அடா முடியாது என்றார். அப்படியானால் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார் பாபேஜ். அதுவும் முடியாது. சொன்ன சொல்லில் நின்றார், கட்டுரை முன்னுரை இல்லாமல் டெய்லரின் அறிவியல் தொகுப்பில் வந்தது. அதற்கப்புறம் அடா நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். இயந்திரத்தைக் கட்டுவதற்கான பணம், ஆட்கள், பேச்சுவார்த்தை எல்லாத்தையும் தான் பார்த்துக்கொள்வதாகவும், பாபேஜ் வடிவமைப்பை மட்டும் கவனித்தால் போதும் என்றும். பாபேஜ் மறுத்துவிட்டார். மனிதர்களோடு பேசத் தெரியாத ஒரு மேதைக்கு அப்படி ஒரு ஆள்தான் தேவைப்பட்டார் என்று எனக்குத் தோணுது. ஒத்துக்கொண்டிருந்தாலும் கட்டியிருப்பார்களா என்பது வேற விஷயம். நட்பு மட்டும் முறியவில்லை.

கட்டுரையில் முழுப்பெயர் இல்லை. ஏ.ஏ.எல். என்ற மூன்று எழுத்துதான்.

அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால்தான் பிற்காலத்தில் பெரிய சர்ச்சை. எழுதியது அடாவா, பாபேஜா? சிலர் அவரைத் தெய்வமாக்கினார்கள், சிலர் ஒன்றுமே தெரியாத பணக்காரப் பெண் என்றார்கள். தெரிந்தவற்றை மட்டும் வைத்துப் பார்ப்போம். 1836-க்கும் 1840-க்கும் இடையே பாபேஜ் தன் குறிப்பேடுகளில் இதுபோன்ற செயல் பட்டியல்களை இருபதுக்கும் மேல் எழுதி வைத்திருந்தார். நேரிய சமன்பாடுகளின் தீர்வும் அவற்றில் உண்டு. அச்சில் முதலில் கொண்டுவந்தவர் மெனாப்ரியா. ஆக முதல் புரோகிராமர் என்ற பட்டத்தை வரி பிசகாமல் எடுத்துக்கொண்டால் அது அடாவுக்குச் சேராது. 1864-இல் எழுதிய சுயசரிதையில் பாபேஜே ஒரு கணக்கு கொடுக்கிறார்: உதாரணங்களைச் சேர்ந்து பேசினோம், தேர்ந்தெடுத்தது அடா, இயற்கணித வேலையும் அவருடையதே, பெர்னூலி பகுதியை மட்டும் சிரமம் மிச்சமாகட்டும் என்று நான் செய்து கொடுத்தேன், அதில் நான் விட்ட பெரிய தவறைக் கண்டுபிடித்து அவர் திருப்பி அனுப்பினார் என்று. செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனவரைப் பற்றி அவர் பொய் சொல்ல வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியலை. பாபேஜ் தனக்காக எழுதி வைத்துக்கொண்டதை அடா இன்னொருத்தருக்குப் புரியும்படி எழுதினார், விளக்கினார், எதற்கு என்று சொன்னார். இந்த இயந்திரம் எண்களோடு நிற்காது, ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள உறவுகளைக் குறியீடாகத் தர முடிந்தால் இசைகூட அமைக்கும் என்று எழுதியவர் அவர். கூடவே, நாம் சொல்லத் தெரிந்ததைத்தான் அது செய்யும், தானாக எதையும் தோற்றுவிக்காது என்று எச்சரித்தவரும் அவரே. 1950-இல் ஆலன் டூரிங் இயந்திரம் சிந்திக்குமா என்று எழுதியபோது, லவ்லேஸ் சீமாட்டியின் ஆட்சேபம் என்று பெயரிட்டு இதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1843-க்குப் பிறகு அப்படி ஒரு வேலை அவரிடமிருந்து வரவில்லை. மூளையின் நரம்புகளைக் கணிதத்தில் அடக்கலாமா என்று யோசித்தார், மின்சாரப் பரிசோதனைகள் பற்றிப் படித்தார், எதுவும் முடியவில்லை. குதிரைப் பந்தயத்தில் இறங்கினார். நிகழ்தகவு தெரிந்தவர் ஏன் இதில் விழுந்தார் என்று கேட்பீங்க, தெரிந்தவங்கதான் முதலில் விழுவாங்க. ஆயிரக்கணக்கான பவுண்டு போனது. குடும்ப வைரங்களைக் கணவருக்குத் தெரியாமல் அடகு வைத்தார், அம்மா மீட்டுக் கொடுத்தார், மறுபடியும் வைத்தார்.

அதே சமயத்தில் கருப்பையில் புற்றுநோய். 1852 முழுக்க வலி. ஆகஸ்டில் சார்லஸ் டிக்கன்ஸ் வந்து, அவர் கேட்டுக்கொண்டபடி தன் டாம்பி அண்ட் சன் நாவலில் ஒரு சிறுவன் இறக்கும் பகுதியைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். நவம்பர் 27 அன்று இறந்தார். வயசு 36. பைரன் இறந்த வயசும் அதுவே. நாட்டிங்கம் பக்கத்தில் ஹக்னல் ஊர்த் தேவாலயத்தில், முகமே நினைவில்லாத அப்பாவுக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கணும் என்று கேட்டிருந்தார். அப்படியே செய்தார்கள்.

பாபேஜ் இன்னும் 19 வருஷம் இருந்தார், இயந்திரத்தின் வரைபடங்களைத் திருத்திக்கொண்டே. அடாவின் குறிப்புகளை நூறு வருஷத்துக்கு அனேகமாக யாரும் திறந்து பார்க்கவில்லை. நிஜமான கம்ப்யூட்டர்கள் ஓட ஆரம்பித்த பிறகு, 1953-இல், பவுடன் என்பவர் கம்ப்யூட்டர்களைப் பற்றித் தொகுத்த ஒரு புத்தகத்தின் பின்னிணைப்பாக அவற்றை மறுபடி அச்சிட்டார். 1980 டிசம்பர் 10 அன்று, அவர் பிறந்த நாளில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் புதிய நிரல்மொழியின் தரநிர்ணயத்தை ஏற்றது. மொழிக்குப் பெயர் அடா. தரநிர்ணய எண்ணின் கடைசி நாலு இலக்கம் 1815.